துவர்ப்பு இறங்கிய பாதை

ஜவ்வாது மலையிலிருந்து போளூர், செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் வழிவழியாக இறங்கிவந்த சரக்குகளை ஒரு பாயில் கொட்டிப் பார்த்தால், எளிதில் அழுகக்கூடியது எதுவும் அதில் இருக்காது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி, புளி, சீயக்காய், சாமை, தேன், மெழுகு, சந்தனக்கட்டை. மலையில் விளைவது இவ்வளவுதானா என்றால் இல்லை. பலாவும் சீத்தாவும் அங்கே உண்டு. மழை விழுந்த சில நாளிலேயே கொல்லையெங்கும் கீரை முளைக்கும்; கிழங்கு உண்டு, காளான் உண்டு. ஆனால் சாலை வரும்வரை இவை கீழே பெரிதாக வரவில்லை. கீழே வராததால் கணக்கிலும் ஏறவில்லை. மலையைப் பற்றி நம்மிடமுள்ள எழுத்துச் சான்று பெரும்பாலும் கீழே இருந்தவர்கள் எழுதியது. வரி போட்டவர்கள், காட்டை அளந்தவர்கள், சரக்கு வாங்கியவர்கள் ஆகியோர் கண்ட மலை அது. காய்ந்தும் கெடாமல் நின்ற சரக்குக்கே அவர்கள் ஏட்டில் இடம் கிடைத்தது. அப்படி நிற்கவைத்த குணங்களில் முதன்மையானது துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு என்ன வேலை செய்கிறது என்பதைச் சென்னை ஆய்வகம் ஒன்று 1936இல் நெல்லிக்காயை வைத்தே காட்டியது. மலைச்சரக்கின் வரலாற்றையும் இந்த வேதியியலையும் தனித்தனியாகவே படித்துப் பழகிவிட்டோம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான், மலையின் ஏட்டில் எது ஏன் இருக்கிறது, எது ஏன் இல்லை என்பது விளங்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான ஜவ்வாது, இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. முன்பு எல்லாம் வட ஆற்காடு. செய்யாறு பிறப்பது இங்கே. வடக்கே இறங்கினால் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. மலைமேல் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை அடுத்த பத்தாண்டில் ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்திப் பெருக்கினார். இடையே 1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. மரம் பெரும்பொருள், காயும் பட்டையும் தேனும் சிறுபொருள் என்ற பிரிவினை வன நிர்வாகத்தோடு சேர்ந்து இங்கே வேரூன்றியது. 'சிறுவனப் பொருள்' என்ற சொல்லை இன்றும் அரசு ஆணைகள் கூச்சமின்றி எழுதுகின்றன. ஒரு மலைக் குடும்பத்துக்குப் பணமாக வந்ததில் பெரும்பங்கைத் தந்த பொருள்களுக்குச் 'சிறு' என்று பெயர் வைத்தது, வனத்துறையின் பேரேட்டில் அவற்றின் வரவு சிறிதாக இருந்ததால்தான்.

அந்தச் சிறுபொருள்களில் முதலிடம் கடுக்காய்க்கு. பாலாற்றுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள் எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு: ஆற்றுநீர், கால்நடைச் சந்தைகள், வணிகச் சமூகங்களின் முதலீடு, சென்னைத் துறைமுகத்துக்கு ரயில். ஆனால் தோலைப் பதமாக்கும் பொருள் கைக்கெட்டும் தொலைவில் இல்லாமல் இவையெல்லாம் இருந்தும் பயனில்லை. அது இரண்டு இடங்களிலிருந்து வந்தது. வறண்ட சமவெளியிலும் மலையடிவாரத்திலும் வளரும் ஆவாரஞ்செடியின் பட்டை ஒன்று. மலைமேலிருந்து வந்த கடுக்காய் மற்றொன்று. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள், அதாவது டானின். பச்சைத் தோலின் புரத இழைகளை டானின் இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிய புரதத்தை நுண்ணுயிர் எளிதில் தின்ன முடியாது, நீர் எளிதில் குலைக்க முடியாது. தோல் பதனிடுதல் என்பதன் சாரம் இவ்வளவுதான். மேலைநாட்டுச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயரெடுத்த சரக்கு ஆவாரம்பட்டையில் பதமாகி, கடைசியில் கடுக்காய்த் தொட்டியில் ஊறி வெளிவந்தது.

அந்தக் கடைசித் தொட்டி எதற்கு? ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் முதலில் வெளிர்நிறமாக அழகாகத்தான் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் சிவக்கும். ஆவாரையின் டானின் ஒளியில் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுவதே காரணம். கடுக்காயின் டானின் வேறு இனம்; அது ஏறிய தோல் அவ்வளவாகச் சிவக்காது. பதனிடுவோருக்கு ஆக்சிஜனேற்றம் என்ற சொல் தேவைப்படவில்லை. கடுக்காய் போடாத தோல் வாங்குபவன் கையில் செம்மண் நிறமாகிவிடும், விலை விழும் என்பது போதுமானதாக இருந்தது. இதற்குச் சாட்சி லண்டனிலிருந்தே வந்தது. நூலகங்களில் தோலட்டைப் புத்தகங்கள் சில பத்தாண்டுகளிலேயே செம்பொடியாக உதிர்வது ஏன் என்று ஆராய அங்கிருந்த கலைகள் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் முடிவுகள் 1905இல் விரிவான நூலாக வந்தன. மோசமாக உதிர்ந்தவற்றில் முன்னணியில் நின்றவை இந்தியாவில் பதனிட்டு 'பெர்ஷியன்' என்ற பெயரில் விற்கப்பட்ட ஆட்டுத் தோல்கள். ஆவாரை இனத்து டானின் புத்தகக் கட்டுக்கு ஆகாது, சுமாக், கடுக்காய் இனத்து டானின் மேல் என்று குழு பிரித்துச் சொன்னது. கடைசியில் ஒரு முழுக்குப் போட்டது, வாங்குபவன் கண்ணில் படும் நிறத்தைக் காப்பாற்றியது. உள்ளே ஊறிய ஆவாரையின் கணக்கு ஐம்பது ஆண்டு கழித்து நூலக அலமாரியில் தீர்ந்தது. கடுக்காயின் திறத்துக்கும் அதன் எல்லைக்கும் ஒரே அறிக்கையில் சான்று கிடைப்பது அபூர்வம்.

இனி நெல்லிக்கு வருவோம். பச்சை நெல்லி தமிழிலக்கியத்தில் இரண்டு இடங்களில் மறக்க முடியாதபடி நிற்கிறது. பாலை வழியில் நடப்பவரின் தாகம் தணிக்கும் காயாக ஒன்று. அதியமான் நெடுமான் அஞ்சி தானுண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அரிய கனியாக மற்றொன்று. அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரி; ஜவ்வாதுக்குத் தென்மேற்கே. மரத்தடிக்கு நடந்து போகவேண்டும், அல்லது மன்னன் கொண்டுவந்து தரவேண்டும். பச்சையாகத் தின்ன அன்று அவ்வளவு பாடு. மற்றவர்களுக்குக் கிடைத்தது நெல்லிமுள்ளி, கொட்டை போக வெயிலில் சுக்காகக் காய்ந்தது. (வீட்டுக் கொல்லையில் காய்க்கும் அரைநெல்லி வேறு மரம், இங்கே பேச்சு மலைநெல்லியைப் பற்றி மட்டும்.) சித்த மருத்துவத்தின் திரிபலையில் சேரும் மூன்றும், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், இம்மலைக் காடுகளில் ஒன்றாக வளர்பவை, மூன்றும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு உடையவை, மூன்றும் கடைக்குக் காய்ந்தே வருபவை. எத்தனையோ மூலிகைகள் இருக்க, இந்த மூன்றும் எல்லா ஊர்க் கடையிலும் ஆண்டு முழுதும் கிடைக்கும் சரக்கானதற்கு மருத்துவக் குணம் எவ்வளவு காரணமோ, மூட்டையில் கெடாத குணமும் அவ்வளவு காரணம் என்றே கருதவேண்டியிருக்கிறது.

நெல்லியோடு சேர்த்துப் பேசப்படும் வைட்டமின் சி என்ற சத்தின் குணமோ நேரெதிர். அஸ்கார்பிக் அமிலம் என்றும் சொல்லப்படும் அது, தன்னிடமுள்ள எலக்ட்ரான்களைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடும் பொருள்; அதனால்தான் அது பயன்படுகிறது, அதனால்தான் அது நிலைப்பதுமில்லை. உச்சி வெயிலில் நிற்கும் இலையை எண்ணிப் பாருங்கள். பச்சையத்தில் விழும் ஒளி மிஞ்சும்போது ஆக்சிஜன் தடம்புரண்டு ஹைட்ரஜன் பெராக்சைடாகச் சேர்கிறது. விட்டுவைத்தால் இலையையே பொசுக்கும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதி, வைட்டமினின் எலக்ட்ரானைக் கொண்டு அதை வெறும் நீராக்குகிறது. கொடுத்து ஓய்ந்த வைட்டமினை இன்னும் இரண்டு நொதிகள் மீட்டெடுக்கின்றன. அவற்றுள் ஒன்று குளூட்டாதயோனிடம் கடன் வாங்கி மீட்கிறது. அந்தக் கடனை வேறொரு நொதி, ஒளியிலிருந்து வந்த ஆற்றலால் அடைக்கிறது. குளூட்டாதயோன் வைட்டமினைக் காக்கிறது என்பதை 1936இலேயே கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸும் மார்கனும் பூக்கோசுச் சாற்றில் கண்டார்கள். 1976இல் ஃபாயரும் ஹாலிவெல்லும், அதைத் தொடர்ந்து ஜப்பானில் அசாடாவும் இதைப் பசுங்கணிகத்துக்குள் ஓடும் ஒரு சுழற்சியாக வரைந்தார்கள். இன்று அவர்கள் மூவர் பெயராலும் அது வழங்குகிறது. ஆக, உயிருள்ள இலையில் வைட்டமின் சி ஓரிடத்தில் குவித்துவைத்த சரக்கன்று. விடாமல் கைமாறும் புழங்குபணம். புழக்கம் நின்றால் கையிருப்பும் போய்விடும்.

பறித்தவுடன் அந்தப் புழக்கம் தளர்கிறது, காயப்போட்டால் நின்றேவிடுகிறது. மீட்கும் நொதிகளை ஓட்ட ஒளியாற்றல் இல்லை. ஆனால் அழிக்கும் நொதிக்கு எந்த உதவியும் தேவையில்லை, காற்று போதும். அஸ்கார்பிக் அமில ஆக்சிடேஸ் என்ற, தாமிரம் சேர்ந்த அந்த நொதி, திசு நசுங்கும்போது வைட்டமினோடு நேராக மோதுகிறது. முருங்கையில் அது இருப்பதை அதே 1936இல் எம். ஸ்ரீநிவாசன் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். முருங்கைக்கீரை பச்சையில் வைட்டமின் சி நிறைந்தது. உலர்த்தினால் அதில் மிஞ்சுவது கொஞ்சம். அதே இதழ், அதே ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து எம். தாமோதரன், கே. ஆர். நாயர் இருவரின் கட்டுரை: நெல்லிக்காயிலிருந்து பிரித்த ஒரு டானின் அஸ்கார்பிக் அமிலத்தை அழியாமல் காக்கிறது என்று. வைட்டமின் சியும் அஸ்கார்பிக் அமிலமும் ஒன்றே என்று உலகம் உறுதிசெய்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது; அந்தக் கண்டுபிடிப்புக்காக செந்த்-கியோர்கி நோபல் பரிசு பெற்றது மறுவருடம், 1937இல். சேப்பாக்கத்தில் நடந்த இந்த வேலை எந்தப் பாடநூலிலும் பெருமையாகப் பேசப்படவில்லை, பேசப்பட்டிருக்க வேண்டியது.

டானின் புரதத்தைப் பற்றும்; நொதியும் புரதம்தான். டானின் தாமிரம் போன்ற உலோக அயனிகளையும் பிடித்துவைக்கும். வைட்டமின் அழிவை விரைவுபடுத்துபவை அவையே. ஆம்பூர்த் தொட்டியில் மாட்டுத்தோலின் இழையை இறுக்கிய பிடி எதுவோ, அதே வகைப் பிடிதான் காய்ந்துகொண்டிருக்கும் நெல்லியில் அழிக்கும் நொதியின் கையைக் கட்டுகிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். உயிரோடிருக்கையில் சுழற்சி காத்தது. உயிர் போனபின் துவர்ப்பு காக்கிறது. உலர்த்தும்போது நெல்லியும் இழக்கத்தான் செய்கிறது. ஆனால் மற்றவை போல் வெறுங்கையாகிவிடுவதில்லை. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகங்களை நடத்திய அய்க்ராய்டு இந்த விதிவிலக்கைக் கவனித்துத் தம் உணவு அட்டவணை நூலில் குறித்துவைத்தார். 1940ஐ ஒட்டி ஹிசார் பகுதியில் பஞ்சம் வந்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது நெல்லித் தூள்தான் கொடுக்கப்பட்டது. பச்சைக் காயைப் பஞ்சப் பகுதிக்கு வண்டி வண்டியாக அனுப்புவது நடக்காத காரியம், தூளை அனுப்பலாம்.

இதை வைத்து, முன்னோர்கள் வைட்டமின் சியை அறிந்திருந்தார்கள் என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் அறிந்தது துவர்க்கும் காய் கெடாது என்பது. அது கூர்ந்த அறிவு, அதற்குமேல் ஏற்றிச் சொன்னால் அதன் மதிப்புத்தான் குறையும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது: நெல்லியில் இருப்பதாகச் சொல்லும் வைட்டமின் சியே அளவுக்கு மீறிய கணக்கு என்பது. இதில் உண்மை இருக்கிறது. பழைய அட்டவணைகள் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்று எழுதின. 2017இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நவீனக் கருவிகளால் அளந்து வெளியிட்ட அட்டவணையில் அது 250 மில்லிகிராம் சுற்றளவுக்கு இறங்கிவிட்டது. எலக்ட்ரான் கொடுக்கும் எதையும் வைட்டமின் என்று எண்ணிவிடும் பழைய முறையில், டானின்களும் அவற்றின் உறவுப் பொருள்களும் கணக்கில் நுழைந்திருக்கலாம். 1996இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோசல் குழுவினர், நெல்லியின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலுக்குக் காரணமென எம்பிளிகானின் என்ற டானின்களை முன்வைத்தார்கள். அப்படியானால் 1936இன் 'காப்பு' என்பதில் ஒரு பங்கு அளவுமுறையின் மயக்கமாகவும் இருக்கக்கூடும். ஆனால் இந்த மறுப்பு யாரைத் தாக்குகிறது? நெல்லியை வைட்டமின் சியின் பெயரால் மட்டும் விற்பவரை. மலைச்சரக்கின் வரலாற்றைத் துவர்ப்பின் வரலாறாகப் படிக்கவேண்டும் என்பவருக்கு இது எதிர்ச்சாட்சியாகாது, துணைச்சாட்சியே.

மூன்றாவது மறுப்பு வரலாற்று மாணவரிடமிருந்து வரும்: எது கீழே இறங்கியது என்பதை முடிவுசெய்தது வேதியியல் அல்ல, விலையும் அரசும் பாதையும்தான்; சந்தனத்தில் துவர்ப்பா இருந்தது? சந்தனம் இறங்கியது அரசின் தனியுரிமையால், திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலம்போன விலையால். சாமை இறங்கியது பசிக்கு. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். கெடாமை சரக்காவதற்கான நுழைவுச்சீட்டுத்தான். உள்ளே போனபின் எந்த இடத்தில் உட்காருவது என்பதை விலையும் சட்டமும் முடிவுசெய்தன. ஆனால் சீட்டு இல்லாதவை வாசலிலேயே நின்றுவிட்டன. சந்தன வைரமும் தேனும் தானியமும், துவர்ப்பு இல்லாவிட்டாலும், தம்தம் வழியில் கெடாதவையே. பலாவும் சீத்தாவும் மலையின் அடையாளச் சரக்காக இன்று பேசப்படுவது, மலைச்சாலையில் வண்டி ஏறத் தொடங்கியபின் வந்த பேச்சு. பழம் மாறவில்லை, பாதையின் நேரம் குறைந்தது, அவ்வளவே. பாதைதான் காரணம் என்று சொல்பவர், எவ்வளவு நேரம் தாங்கும் சரக்குக்கு அந்தப் பாதை போதுமானதாக இருந்தது என்ற அடுத்த கேள்வியையும் கேட்கவேண்டும்.

கடுக்காயின் காலம் மெல்லத் தேய்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். பின்னர் வெளிநாட்டு வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபின் அரைப்பதத் தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுப்பதத் தோலுக்கும் செருப்புக்கும் ஊர்கள் மாறின. குரோம் உப்புக்கு மலை தேவையில்லை. பாலாற்று நீர் என்ன ஆனது என்பது தனிக் கதை. மலைமேல் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் கொள்முதலை ஏற்றன. 2006இன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின் உடைமையைச் சேகரிப்பவருக்கே தந்தது, தாளிலாவது. இப்போது நெல்லிக்கு விலை சொல்லப்படுவது வைட்டமின் பெயரில், கடுக்காய்க்கு மருந்தின் பெயரில். கீரைக்கோ இன்னும் ஏட்டில் ஒரு வரி இல்லை. மார்கழியில் நெல்லி காயும் அதே பாறையில் ஒரு கை பண்ணைக்கீரையைப் பரப்பினால் மாலைக்குள் அது சருகு. அதில் பச்சையாக இருந்தது என்ன என்பதைக் கீழிருந்து வந்த எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதியிருக்க வழியில்லை. அதை அறிந்தவர்கள் அன்றன்றே பறித்து அன்றன்றே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.